புதுச்சேரியில் ஒரு காலை நடை: கடற்கரையில் தொடங்கி வாய்க்காலைத் தாண்டி

டூப்ளே சிலையில் தொடங்கி வைசியாள் வீதியில் முடியும் இந்த நடை சுமார் மூன்றரை கிலோமீட்டர். வழி முழுக்கச் சமதரை. நிதானமாகப் பார்த்துக்கொண்டு, ஆங்காங்கே உட்கார்ந்து எழுந்து போனால் மூன்று மணி நேரம் ஆகும். எங்கும் நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அப்படி நடப்பதற்கு இந்த ஊர் தேவையில்லை.

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் சுவர் ஒன்றின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, காந்தி சிலைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது பாதி ஊர்தான். கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே இருப்பது பிரெஞ்சுப் பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகள். இரண்டையும் ஒரே காலையில், ஒன்றை அடுத்து இன்னொன்றாகப் பார்த்தால்தான் இரண்டு பக்கத்து வீடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று எதை வாங்கிக்கொண்டன என்பது தெரியும். அதனால் நடையின் திசை முக்கியம்: தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக, பிறகு கிழக்கிலிருந்து மேற்கே.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிக நல்லவை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வந்தால் குடையை நம்பாதீர்கள், கடற்காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் எட்டரை மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது நல்லது. வெயிலோடு காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால் வியர்வை உலராது, உடம்பு சீக்கிரம் சோர்ந்துவிடும்.

காலை ஆறு மணிக்கு டூப்ளே சிலையருகே இருங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்துக்குள் கடலோரப் பகுதியை முடித்துவிட்டால் சாலையின் நடுவிலேயே நடக்கலாம். ஏழரைக்கு வண்டிகள் உள்ளே வரும்போது நீங்கள் பூங்காவில் இருப்பீர்கள். எட்டு மணிக்கு அரவிந்தர் ஆசிரமம் திறக்கும்போது வாசலில் நிற்பீர்கள். வெயில் ஏறும் நேரத்தில் தமிழர் வீதிகளுக்கு வந்துவிடுவீர்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் இந்த வரிசை முழுக்கக் குலையும்: கடற்கரையில் நிழலே கிடையாது, ஆசிரமத்தில் கூட்டம் சேர்ந்திருக்கும், வீதிகளில் வாடகை ஸ்கூட்டர்கள் நிறைந்திருக்கும்.

சூரிய உதயம் பார்க்க ஆசை இருந்தால், ஆண்டு முழுக்க அது ஏறக்குறைய 5.40க்கும் 6.35க்கும் இடையில் நிகழும். மே, ஜூனில் சீக்கிரம். ஜனவரி கடைசியில் தாமதம். அதற்கேற்பப் பதினைந்து நிமிடம் முன்னால் வந்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15 ஆகியவை ஆசிரமத்தின் தரிசன நாட்கள், சுற்றியுள்ள வீதிகள் நிரம்பிவிடும். டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் கடற்கரைப் பக்கமே போக முடியாது.

கையில் என்ன வேண்டும்

கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ஆசிரமம், கோயில் என இரண்டு இடங்களிலாவது கழற்ற வேண்டியிருக்கும், கயிறு கட்டும் ஷூ தொல்லை. அரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொஞ்சம் சில்லறை. தோளும் முழங்காலும் மறையும் உடை போட்டுக்கொண்டால் எங்கும் தயங்க வேண்டியதில்லை. கழிவறைத் தேவையைத் தங்குமிடத்திலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். கடற்கரையை விட்டு உள்ளே திரும்பிய பிறகு ஏதாவது ஒரு ஓட்டலுக்குள் போனால்தான் வசதி.

வீதிப் பெயர்களில் ஒரு குழப்பம் வரும். ஒரே சாலையை பீச் ரோடு, கடற்கரைச் சாலை, கூபர் அவென்யூ, புரொமனேட் என்று நாலு விதமாகச் சொல்வார்கள். போன் வரைபடத்தில் டூமாஸ் என்று வருவதை உள்ளூர்க்காரர் துய்மா வீதி என்பார். வழி கேட்கும்போது வீதிப் பெயரை விடக் கட்டடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிரெஞ்சுப் பகுதி முழுக்கச் சதுரங்கக் கட்டம்போல் நேர் வீதிகள். 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம் அது. அதனால் வழி தவறினாலும் கவலை வேண்டாம், கிழக்கே திரும்பினால் கடல், மேற்கே போனால் வாய்க்கால்.

டூப்ளே சிலையிலிருந்து செயலகம் வரை

கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில் இருக்கிறது டூப்ளே சிலை. 1742 முதல் 1754 வரை பிரெஞ்சு ஆளுநராக இருந்தவர். இங்கிருந்து நேரே கடலோரம் போய்விடாமல், முதலில் ஒரு வீதி உள்ளே தள்ளி இருக்கும் துய்மா வீதியில் வடக்கே நடங்கள். கொஞ்ச தூரத்தில் இளஞ்சிவப்புச் சாயலில் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். 1855ஆம் ஆண்டுக் கட்டடம். பெயர்ப் பலகையில் தூய விண்ணேற்பு, சம்மனசுகள் என்று என்னென்னவோ தேடாதீர்கள். ‘கப்ஸ் கோயில்’ என்று கேட்டால்தான் ஊருக்குத் தெரியும். கப்புச்சின் துறவிகளின் கோயில் என்பதால் வந்த பெயர். பிரெஞ்சு மொழியில் இன்றும் பூசை நடக்கிறது. பூசை நடக்கும்போது பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம், படம் எடுக்கக் கூடாது. கோயிலெதிரே உள்ள சிறு தோட்டத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை.

அங்கிருந்து கடல் பக்கம் திரும்பிச் சாலைக்கு வாருங்கள். இடப்பக்கம் வெள்ளையாகத் தெரியும் நீண்ட கட்டடம் மேரி கட்டடம், பழைய நகராட்சி. 1870களின் தொடக்கத்தில் கட்டிய மூலக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். புதுச்சேரியின் பழங்கட்டடங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சுண்ணாம்புக் காரையும் மரச்சட்டங்களும் தாங்கும் இந்தக் கட்டடங்களுக்குப் பெரிய எதிரி, கூரையில் தேங்கும் மழைநீர். வருடம் தவறாமல் பராமரித்தால் நிற்கும். விட்டால் ஒரே ஒரு கனமழை போதும்.

அடுத்து காந்தி சிலை. சுற்றிலும் எட்டுக் கருங்கல் தூண்கள். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. எல்லாரும் சிலையைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஒரு தூணின் பக்கத்தில் போய் நின்று கீழிருந்து மேல்வரை செதுக்கு வேலையைப் பாருங்கள். காலை வெளிச்சம் கிடையாக விழும்போது உளி வேலையின் மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும். பத்து மணி வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். எதிர்ப்பக்கம் நிற்பது 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். இன்னும் வடக்கே போனால் முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்கான பிரெஞ்சு நினைவிடம், 1938இல் திறந்தது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று இங்கே விளக்கலங்காரம் செய்து மரியாதை செலுத்துவார்கள்.

இங்கே கடலையும் கவனியுங்கள். சாலையோரம் முழுக்கக் கருங்கல் பாறைகள் கொட்டியிருக்கின்றன. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் மணல் தெரியும். இந்தக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுவதுமாகக் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் நீட்டியபோது, வரும் மணல் அங்கேயே தெற்குப் பக்கம் தங்கிவிட்டது. வடக்கே இருக்கும் நகரக் கரைக்கு மணல் வரத்து நின்றது, அலை அரிப்பு மட்டும் தொடர்ந்தது. சில ஆண்டுகளில் மணற்கரை போய், சாலையைக் காப்பாற்றப் பாறை கொட்ட வேண்டியதாயிற்று. பிறகு சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் செயலகத்தை அடுத்த கடலில், 2018-19 வாக்கில், ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்றை நீருக்கடியில் இறக்கியது. அலையின் வேகத்தை அது தணிப்பதால் பின்னால் மணல் படிகிறது. இன்று குழந்தைகள் விளையாடும் மணல் அப்படித் திரும்பி வந்ததுதான்.

பாறைமேல் ஏறாதீர்கள். பாசி படிந்த பக்கம் காய்ந்ததுபோல் தெரியும், கால் வைத்தால் வழுக்கும். இடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலைக்குள் எடுக்க முடியாது. மணல் இருக்கும் இடத்திலும் குளிக்க இறங்க வேண்டாம், சரிவு திடீரென்று ஆழமாகும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேநீர் வேண்டுமென்றால் இந்த இடத்திலேயே குடித்துவிடுவது நல்லது. கூட்டுறவுப் பால் நிறுவனமான பாண்லேயின் கடையில் பால் நன்றாக இருக்கும்.

பாரதி பூங்கா

கடற்கரையிலிருந்து உள்ளே திரும்பினால் சில நிமிடத்தில் பாரதி பூங்கா. ஊரின் நடுவில் இவ்வளவு பெரிய வெற்றிடம் எப்படி வந்தது என்று தோன்றும். இந்தப் பகுதியில்தான் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை நின்றது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் பிரெஞ்சுப் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் இன்று பார்க்கும் பிரெஞ்சுக் கட்டடங்கள் 1765க்குப் பிறகு எழுந்தவை.

பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தின் முன்னால் பத்து நிமிடமாவது உட்காருங்கள். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது இந்த மண்டபம்தான். பார்த்தால் ஏதோ வெற்றி வளைவுபோல் இருக்கும். ஆனால் இது போருக்கான சின்னம் அல்ல, குடிநீருக்கானது. கடலோர ஊரில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து நல்ல நீரை நகருக்குள் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகக் கட்டிய மண்டபத்துக்கு, அங்கே முன்னொரு காலத்தில் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்னும் தாசியின் பெயரை வைத்தார்கள். விளக்கெரியும் அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டுவிட்டார், உண்மை தெரிந்ததும் கோபத்தில் அதை இடிக்கச் சொன்னார், இடிபட்ட இடத்தில் ஆயி ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்பது கதை. அரசர் கிருஷ்ணதேவராயர் என்பார்கள். ஒரு பேரரசின் காலத்தில் எழுந்த சின்னத்துக்குத் தாசி ஒருத்தியின் பெயர் நிலைத்திருப்பது இந்த ஊரின் பெருமை என்றே சொல்ல வேண்டும்.

பூங்காவுக்கு வடக்கே ஆளுநர் மாளிகை. சிவப்புக் கெப்பித் தொப்பி அணிந்த புதுச்சேரிக் காவலர்களை இந்தப் பக்கம் பார்க்கலாம். வாசலையும் காவலர்களையும் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். அருகே செயின்ட் லூயி வீதியில் அருங்காட்சியகம். அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. இந்த நேரத்தில் திறந்திருக்காது. திங்கட்கிழமை விடுமுறை. இன்னொரு நாள் தனியாக வாருங்கள், இந்த நடையோடு சேர்த்தால் இரண்டையும் அவசரமாகத்தான் பார்க்க முடியும்.

நிழல் பிடித்து நடப்பது

பூங்காவை விட்டு வெளியே வரும்போது வெயில் உறைக்கத் தொடங்கியிருக்கும். வடக்கு-தெற்காக ஓடும் வீதிகளில் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி நடங்கள். சூரியன் அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் ஒன்பதரை வரை நிழல் கிடைக்கும். கிழக்கு-மேற்கு வீதிகளில் வெயில் வீதியின் நீளத்துக்கே பாயும், நிழல் கிடைப்பது கடினம். டிசம்பர், ஜனவரியில் மட்டும் தெற்குச் சுவரோரம் கொஞ்சம் நிழல் இருக்கும். ஆகவே மேற்கே போக வேண்டிய தூரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் நடைபாதையை நம்ப வேண்டாம். வீட்டு வாசற்படிகளும் மின்பெட்டிகளும் குறுக்கே வரும். காலை எட்டுக்கு முன்னால் வீதி ஓரத்திலேயே தள்ளிப் போவது சுலபம்.

ஆசிரமம் காலை 8 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 6 வரை திறந்திருக்கும். சாம்பல் நிறச் சுவர்தான் அடையாளம். செருப்பை எதிரே விட வேண்டும், போனை அணைத்து வைக்க வேண்டும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்த அரவிந்தரின் சமாதி, மலர்கள் அடுக்கிய நிலையில், மரத்தடியில் இருக்கிறது. பேசாமல் இருக்க முடியாத கூட்டத்தோடு போயிருந்தால் இந்த இடத்தைத் தவிர்த்துவிடுவதே மரியாதை. அடுத்து சில அடிகளில் மணக்குள விநாயகர் கோயில், பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. வாசலில் துதிக்கையால் ஆசி வழங்கிய லட்சுமி யானை 2022 நவம்பரில் இறந்துவிட்டது. பழைய குறிப்புகளை நம்பிக் குழந்தைகளிடம் யானையைக் காட்டுவதாகச் சொல்லி வைக்காதீர்கள்.

பெரிய வாய்க்கால்

கோயிலிலிருந்து மேற்கே நடந்தால் செஞ்சி சாலை, அதையொட்டி வாய்க்கால், அக்கரையில் ஆம்பூர் சாலை. பார்க்க அழகான இடம் அல்ல. மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய வாய்க்காலில் இப்போது சாக்கடையும் கலக்கிறது. ஓட்டம் இல்லாத கோடைக் காலத்தில் நாற்றம் அதிகம். மழைக்குப் பிறகு குறையும். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாவது பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெள்ளையர் பகுதி, கறுப்பர் பகுதி என்று ஊரைப் பிரித்த கோடு இதுதான். கிழக்கே திரும்பிப் பார்த்தால் உயர்ந்த மதில்கள். மேற்கே பார்த்தால் திண்ணைகள்.

அந்த வித்தியாசத்தை அருகில் போய்ப் பாருங்கள். பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும்: நேரே எழும் மதில், இரு பக்கமும் அரைத்தூண் வைத்த வாயில், உள்ளே தோட்டம், அதற்கப்பால்தான் வீடு. சன்னல்களுக்கு வளைவுகளும் சாய்வுப் பட்டை வைத்த மரக்கதவுகளும். தமிழ் வீடு தெருவோடு பேசும்: திண்ணை, அதன்மேல் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சரிவுத் தாழ்வாரம், வேலைப்பாடுள்ள கதவு, உள்ளே முற்றம். வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்ந்தபோது வழிப்போக்கருக்கு வீதி நெடுக நிழல் கிடைத்தது.

இப்போது கால்வே சுப்புராய செட்டி வீதிக்கு, அதாவது வைசியாள் வீதிக்குப் போங்கள். பாலத்தைத் தாண்டியதும் ஆம்பூர் சாலையிலேயே வடக்கே நடந்து யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். இங்குள்ள பழைய வீட்டு முகப்புகளை, மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று புதுப்பித்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. எதிர்வரிசையில் நின்று ஒரு மாடி வீட்டைக் கீழிருந்து மேலே பாருங்கள். கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாக அச்சு அசல் தமிழ் வீடு. மேல்தளத்தில் வளைவுச் சன்னல், காரையில் இழைத்த அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர். ஒரே வீட்டுக்காரர், ஒரே கொத்தனார் பரம்பரை, இரண்டு ஊர் அழகு. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையிலும் இதே கலப்புதான். டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவரின் வீடு. 1761 அழிவைத் தாண்டி நின்ற மிகச் சில கட்டடங்களில் ஒன்று. முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

சுவர்களின் கீழ் மூன்றடியையும் பாருங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். உரிந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே உப்புப் பூக்கும்; சில மழைக்காலத்தில் சிமெண்ட் பொருமி, பழைய காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு பூசிய வீட்டையும் சிமெண்ட் ஒட்டுப் போட்ட வீட்டையும் இந்த வீதிகளில் கண்ணாலேயே பிரித்துவிடலாம். இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். திண்ணையில் உட்காரும் முன், கதவைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

கால் இன்னும் சலிக்கவில்லை என்றால் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லம் பக்கம்தான். 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் இருந்தார். இல்லையென்றால் மிஷன் வீதிக்கு வந்து, 1791இல் கட்டிய சம்பா கோயில் என்னும் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நேரு வீதிக்குப் போனால் காலை டிபன் கிடைக்கும். பேருந்து நிலையத்துக்கு இங்கிருந்து ஆட்டோ எடுக்கலாம். ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள்.

மாலையில்தான் வர முடியும் என்பவர்கள் இதே வழியைத் திருப்பிப் போடலாம். நாலு மணிக்கு வைசியாள் வீதியில் தொடங்கினால் ஐந்து மணிக்கு ஆசிரமம், அது மூடுவதற்குள் பூங்கா, ஆறு மணிக்கு வண்டிகள் நிற்கும்போது கடற்கரை. வீட்டு முகப்புகளில் மேற்கு வெயில் விழுவதால் படங்கள் நன்றாக வரும். சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும் கடற்கரைச் சாலை தோளோடு தோள் உரசும் கூட்டமாக இருக்கும்; வயதானவர்கள், சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் வார நாளைத் தேர்ந்தெடுங்கள்.